கஞ்சிரா அடங்கிய பிறகு

வரவில்லை. இந்த முறையும் வரவில்லை. மிருதங்கம் முத்தாய்ப்பு வைத்தது, கஞ்சிரா அதன் மேலேயே வந்து விழுந்தது, தோல் ஒரு தரம் விம்மி அடங்கியது. அதற்குப் பிறகு வர வேண்டியது மட்டும் வரவில்லை. நாச்சிமுத்து நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, எதிரே இரண்டு தாங்கிகளின் மேல் அமர்ந்திருந்த பெட்டிகளை, பேசி வைத்துக்கொண்டு வந்து ஒரே பொய்யைச் சொல்லும் இரண்டு சாட்சிகளைப் பார்ப்பதுபோல மாறி மாறிப் பார்த்தார். டென்மார்க்கில் செய்தவை. புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்று இந்த வகைக்குப் பெயர். அலமாரியில் வைத்தால் செய்தவர்களுக்கே மனசு புண்படும். சுவரிலிருந்து முழங்கை நீளம் தள்ளி, தனித் தாங்கியில், காது மட்டத்துக்கு, உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து லேசாகத் திருப்பி வைக்க வேண்டும். பெயருக்கும் பொருளுக்கும் ஒட்டு உறவு இல்லாதது இது ஒன்றுதானா, நம்ம கோயமுத்தூர் ரேஸ் கோர்ஸில் குதிரையா ஓடுகிறது, பெரிய பெரிய வயிறுகள்தானே காலையில் நடக்கின்றன. அதை விடு. பல் டாக்டர் கனகசபாபதி இவற்றை வாங்கலாமா வேண்டாமா என்று தவித்து, கடைக்காரரிடம் இரவலாக வாங்கித் தன் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு, அப்புறமும் தீராமல் நேற்று இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டு, உங்க காது என்ன சொல்லுதோ அதுதானுங்கண்ணா முடிவு என்று சொல்லிப் போயிருக்கிறார். சாயங்காலம் கூப்பிடுவார். கேள்வி ஞானம் என்று பெயர் சூட்டிக்கொண்டு வாட்ஸப்பில் கூடுகிற கோயமுத்தூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரிடையே நாச்சிமுத்துவுக்கு நாச்சிமுத்து என்ற பெயர் மறைந்து வெகு நாளாயிற்று. காதுகிட்டக் கேட்டாச்சா, காது என்ன சொல்லுச்சு, காது ஒத்துக்கிச்சா என்றுதான் பேச்சு. நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு, அதற்கப்புறம் உலகத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்றால் இந்த ஒன்றுதான். அந்தக் காதுக்கு, தான் நன்றாக அறிந்த ஒரு சத்தம், வரவில்லை.

அது என்ன சத்தம் என்றால், ராம்நகரில் ஒரு லாட்ஜ் அறையில், கல்யாணக் கச்சேரிக்கு வந்திருந்த இரண்டு வித்வான்கள் மத்தியானம் தூக்கம் வராமல் தனி ஆவர்த்தனத்தை ஒத்திகை பார்த்தபோது, இளைஞர் நாச்சிமுத்து இரவல் டேப் ரெக்கார்டரில் பிடித்தது. பிற்பாடு கம்ப்யூட்டருக்கு மாற்றியது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. அவர் பிரதி கொடுத்த டாக்டரிடமும் இன்னும் இரண்டு பேரிடமும் மட்டும் உண்டு. எந்த ஸ்பீக்கரானாலும் இந்த வாசலில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கடைசி அடி விழுந்ததும் வித்வான் கஞ்சிராவைச் சுவரோரம் கீழே வைப்பார். அப்போது அதன் வளையத்தில் கோத்திருக்கும் இரண்டு பித்தளை வில்லைகள் ஒன்றையொன்று தொட்டுக் கிலுங்கும். அவ்வளவுதான். அதற்குமேல் டேப் சும்மா ஓடும். வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் போட்டு, விரலை உதட்டில் வைத்து, இப்ப வரும் பாருங்க என்பார். வரும். வந்தது. எப்போது வந்தது? போன பொங்கலுக்கு? இல்லை, அப்போது வந்தது கோபிசெட்டிபாளையத்துக்காரரின் ஸ்பீக்கர், அதில் வரவில்லை, அதனால்தானே அது உதவாது, வெளிச்சமில்லாத சத்தம் என்று எழுதி, அவரும் பாவம் யாருக்கோ தள்ளிவிட்டார். அதற்கு முன்னால்? அதிலும் வரவில்லை. அதற்கும் முன்னால்? நாச்சிமுத்து இந்த வழியில் இன்னும் ஓர் அடி வைக்க விரும்பவில்லை. நூலில் முடிச்சு விழுந்தால் கையிலிருப்பதை வெட்டிப் பார்க்க வேண்டுமே தவிர, தறியில் நெய்து முடித்த துணியைப் பிரிக்கக் கூடாது.

ஆகவே பெட்டி. அது வந்த அட்டைப்பெட்டியில் பழைய ஒட்டுநாடாவின் மேல் புதிய ஒட்டுநாடா இருந்ததை நேற்றே கவனித்திருந்தார். கடைக்காரர் திறந்து பார்த்திருப்பார், டாக்டர் திறந்து பார்த்திருப்பார், திறக்காமல் எப்படிக் கேட்பது, சரி, ஆனால் திறந்தவர் மூடும்போது உள்ளதைத்தான் உள்ளே வைத்தாரா. திருகாணியைக் குறட்டால் திருகினால் மேலே கீறல் விழும், இதில் இல்லை, கீறல் இல்லாதபடி திருகத் தெரிந்தவன் திருகியிருக்கலாம். இல்லாத கீறலே சந்தேகத்துக்கு இடம். எழுந்து போய் முன்துணியை உருவி, ஒரு ரூபாய் நாணயம் அளவில் பட்டுக் குமிழாக இருந்த ட்வீட்டரை, மேல் ஸ்தாயி முழுவதும் அந்தக் குமிழ் வழியாகத்தான் வர வேண்டும், கைபேசி வெளிச்சத்தில் பார்த்தார். குழந்தைகள் விரலால் அழுத்திக் குழித்துவிடுவார்கள். டாக்டருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. ஆனால் குழி இல்லை. வழவழவென்று, கேள்வி கேட்டவனையே திருப்பிப் பார்க்கும் கண்போல இருந்தது. அப்படியானால் ஒயர். ஒயரை இடம் மாற்றிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார், வரவில்லை. கரண்டு. கீழ்வீட்டில் மோட்டார் ஓடினால் இவருடைய வயலின்கள் கரகரக்கும் என்பது அவருடைய பழைய சித்தாந்தம், அடுக்ககக் கூட்டத்தில் சொல்லிப் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். மோட்டார் ஓடவில்லை. அப்புறம் டாக்டர். அவரே ஏன் ஒரு கோளாறைப் பண்ணி அனுப்பியிருக்கக் கூடாது? காதின் காதுத்தனத்தைச் சோதிக்க. குழுவில் யாரோ தூண்டிவிட்டிருக்கலாம். எப்போதும் சிரிக்கிற ஆள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாதவர்களிடமே பேசிப் பழகிய ஆள், இன்னொருவருடைய பதிலுக்காக இவ்வளவு பவ்யமாகக் காத்திருப்பதே இயற்கையாக இல்லை. நாச்சிமுத்துவுக்கு இந்த எண்ணம் பிடித்திருந்தது. சதி என்று ஒன்று இருந்தால் அதில் எல்லாம் பொருந்தும், காது உள்பட.

ஆனால் காது பொருந்தாமல் உறுத்தியது. மறுபடி போட்டார். சொல்லப்போனால் பெட்டிகள் ஒரு குற்றமும் செய்யவில்லை, அதுதான் எரிச்சல். மிருதங்கத்தின் இடந்தலை தரையிலிருந்து எழுந்து வந்தது, இவ்வளவு சின்ன வயிற்றிலிருந்து இவ்வளவு கனம் எப்படி வருகிறது என்று கேட்கும்படி. வலந்தலையின் கறுப்புக் கரணைச் சத்தத்தில் விரலின் சதை தெரிந்தது. யாரோ தொண்டையைச் செருமியது சுவரோரமாக, இடது பெட்டிக்கும் இடதே, பெட்டியே இல்லாத இடத்தில். அறை தெரிந்தது. இவர் இருபது பெட்டிகளில் கேட்ட அறை இவ்வளவு ஆழமாக இருந்ததில்லை. இதை எழுதலாம். கீழ்ஸ்தாயி பிசிறில்லை, நடு ஸ்தாயியில் மனிதர்கள் இருக்கிறார்கள், என்று தொடங்கி, மேல்ஸ்தாயி என்று வந்து நின்றுவிடும். அடங்கியது. தோல் விம்மியது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதுகூடச் சரியில்லை, ஒன்றுமில்லாததும் ஒரு சத்தம்தான், ஒரு ஊஊ, அது எங்கிருந்து வருகிறது, பெட்டியிலிருந்தா, ஏசியிலிருந்தா, கண்ணை மூடினாலும் வருகிறது, தலையணையில் வருகிறது, ஊஊ. மில்லில் நூல் முறுக்குகிற ரிங் ஃப்ரேம் ஷெட் அப்படித்தான் ஊளையிடும், வரிசை வரிசையாகக் கதிர்கள் சுற்ற, உள்ளே நுழைந்தால் பேச்சு செத்துப்போகும், எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்களைப் பார்த்து இவர் சிரித்ததுண்டு. எனக்கென்ன, நான் லேப்காரன், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், சோதனைக்கு நூல் எடுக்கத்தானே உள்ளே போகிறேன். தினமும் போனார். முப்பது வருஷம் தினமும் போனார். மில்லில் காதுப் பரிசோதனை முகாம் போட்டபோது, பாட்டுக் கேட்கிறவனுக்கு இது எதற்கு என்று லீவு எடுத்துக்கொண்டார். கொசு. ஏன் கொசு? ஏனென்றால் காதருகே கொசு பாடிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. குடியிருப்பில் கொசு ஒழிந்துவிட்டது என்று செயலாளரைக் கூப்பிட்டுப் பாராட்டக்கூடச் செய்தார். கடி மட்டும் குறையவில்லையே என்று அன்றைக்கே யோசித்திருக்கலாம். ராத்திரிப் பூச்சிகள் கத்துவதில்லை, என்ன அமைதியான பகுதி என்று மகளிடம் போனில் பெருமைப்பட்டார். அவள் அந்தப் பக்கம் சட்டென்று பேச்சை மாற்றினாளே, அது ஏன்? கை தானாக ஒலியைக் கூட்டியது. இன்னும் கூட்டியது. செருமல் இடிபோல வந்தது.

மனைவி வசந்தாமணி பால்கனியிலிருந்து காய்ந்த துணியை மார்பில் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், நின்றாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, கொட்டு முடிஞ்சப்பறம் கிலுகிலுன்னு வருதே, அத மட்டுமாச்சும் கொறச்சு வைக்கக் கூடாதா? பல்லுக் கூசுது."

நாச்சிமுத்து அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தபடியே, எது, என்று கேட்டார், சோதனைச்சாலையில் சந்தேகத்துக்குரிய நூலைக் கொண்டுவந்தவனிடம் கேட்கும் அதே அக்கறையற்ற குரலில். அதுதான், என்றாள் அவள், கொலுசைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யாரோ நடக்கிற மாதிரி இருக்கிறதே, அது. சொல்லிவிட்டுத் துணியை மடிக்க உள்ளறைக்குப் போய்விட்டாள். ஒரு மனிதனைச் சாய்த்துவிட்டோம் என்ற சுவடே இல்லாமல் போனாள்.

சாய்ந்தாரா? உடனே சாயவில்லை. நாச்சிமுத்துவின் மனது பழக்கப்பட்ட தரக்கட்டுப்பாட்டு மனது; ஒரு மாதிரியை வைத்து ஒரு மூட்டையைத் தள்ளாது. முதலில் சாட்சியின் யோக்கியதை. இத்தனை வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இப்ப வரும் பாருங்க, வில்லை கிலுங்கும் பாருங்க என்று இதே கூடத்தில் பிரசங்கம் செய்தது யார்? அந்த ஒவ்வொருவருக்கும் காப்பி கொண்டுவந்தது யார்? கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருக்கும், வராததை வந்ததாக நினைத்திருப்பாள், மனிதக் காதைப்போலப் பொய்சாட்சி உலகத்தில் கிடையாது. இரண்டாவது, சாட்சியின் உள்நோக்கம். பெட்டிகளை இடத்தைவிட்டுக் கிளப்ப அவள் எதையும் சொல்வாள், இந்தக் கூடத்தில் ஒரு சோபா போட வேண்டும் என்பது அவளுடைய நீண்டகாலக் கட்சி. பல்லுக் கூசுகிறது என்றால் பெட்டி போகும். ஆனால் கூசுகிறது என்றால் அந்தச் சத்தம் இருக்கிறது. இல்லாத சத்தத்துக்கு யாருக்குப் பல் கூசும். இங்கே வந்து எண்ணம் சிக்கிக்கொண்டது, இழுத்தால் இறுகியது. இருக்கிறது என்றால் பெட்டி நல்லது. பெட்டி நல்லது என்றால் கோபிசெட்டிபாளையத்துப் பெட்டியும் நல்லது, அதற்கு முந்தியதும் நல்லது, அந்த மனிதர்கள் தங்கள் காதில் நன்றாகத்தானே இருந்தது என்று முனகிக்கொண்டே இவருடைய காதுக்குக் கட்டுப்பட்டு அவற்றை விற்றார்கள். அவர்கள் காதில் நன்றாக இருந்ததா? அவர்களுக்கு என்ன வயது? குழுவில் அறுபதுக்குக் குறைந்தவர் டாக்டர் ஒருவர்தான், அவரும் வருகிற ஆண்டு தாண்டிவிடுவார். பட்டுப்போன்ற மேல்ஸ்தாயி என்று எழுதுகிறார்கள். வெள்ளி தூவியது போல என்று எழுதுகிறார்கள். காதோரம் நரைத்த ஏழெட்டுப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளியைப் பற்றி எழுதுகிறார்கள். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு வாய்க்கு வருவதற்குள் வேறு என்னவோ ஆகிவிட்டது. இந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் அப்புறம் எங்கே போய் உட்காருவது? காலையில் வயிறுகளோடு ரேஸ் கோர்ஸைச் சுற்றலாம். யாரும் இனிமேல் எதற்காகவும் கூப்பிட மாட்டார்கள். சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும். வசந்தாமணிக்குத் தெரியுமா? எவ்வளவு நாளாக? அவள் சமீபகாலமாக எதைச் சொன்னாலும் எதிரே வந்து நின்று சொல்கிறாளே, முன்னெல்லாம் அடுப்படியிலிருந்தே கத்துவாளே. அது அன்பு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்.

கைபேசி அடித்தது. டாக்டர்.

சேவை எல்லாம் சாப்பிட்டாயிற்றா, காப்பி ஆயிற்றா என்று விசாரித்துவிட்டு, காது என்ன சொல்லுச்சுங்கண்ணா என்றார் கனகசபாபதி. நாச்சிமுத்து தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்க, வார்த்தைகள் ஏற்கெனவே வரிசையில் நின்றிருந்ததால் அவை தாமாகவே வந்தன, கீழ்ஸ்தாயி அருமை, அறை நன்றாகத் தெரிகிறது, மேலே மட்டும் கொஞ்சம் அடங்கினாப்ல இருக்குது என்றார். அடங்கித்தான் இருக்குதுங்கண்ணா, நானும் அதையேதான் நெனச்சேன், என்றார் டாக்டர். உடனே என்றார். மூச்சு விடக்கூட நேரம் எடுக்காமல் என்றார். காது ஒருவனைக் கைவிட்டாலும் சந்தேகப்படும் பழக்கம் அவனைக் கைவிடாது. நாச்சிமுத்துவுக்குள் அந்தப் பழக்கம் எழுந்து உட்கார்ந்தது. நம்ம ராம்நகர் டேப்பை உங்கள் வீட்டில் இதில் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்காமலா என்றார் டாக்டர். கடைசியில் அந்த மோர்சிங் வருமே, கஞ்சிரா முடிந்தவுடன், தனியாக? அது எப்படி இருந்தது என்று கேட்டார் நாச்சிமுத்து.

"அதுதானுங்கண்ணா சூப்பர். அப்படியே பக்கத்துல உக்காந்து வாசிச்சாப்ல இருந்துச்சு."

"டாக்டர், அதுல மோர்சிங்கே இல்லீங்க."

அந்தப் பக்கம் டாக்டர் நாற்காலியை நகர்த்தினார். ஒரு நல்ல ஸ்பீக்கரில் கேட்டிருந்தால் அந்த நகர்த்தலில் அறைகூடத் தெரிந்திருக்கும். நாச்சிமுத்து ஜெயித்துவிட்டார், ஜெயித்த கையோடு அங்கே பிடிபட்டு நிற்பவர் யார் என்று பார்த்தார், அது தன்னைப்போலவே இருந்தது. கோபம் வர வேண்டிய இடத்தில் வரவில்லை. இன்னொரு மனிதர் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நிற்பதைக் கண்ட மாதிரி இருந்தது. அவரே பேசினார். எனக்கு அந்த வில்லைச் சத்தம் கேக்கலீங்க டாக்டர், என்றார். சொன்னபோது அது அவ்வளவு பெரிய வாக்கியமாக இல்லை.

"எங்களுக்கு அந்தப் பல்லுக் குடையற மெஷினுங்கண்ணா," என்றார் கனகசபாபதி மெதுவாக. "கீய்ய்னு காதுக்குள்ளயே நின்னுபோச்சு. உங்களுக்குக் கேக்குதேங்கற நம்பிக்கைலதான் நான் ஓட்டிட்டு இருந்தேன்." பிறகு, இதைப் போய்க் குழுவில் போட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்து முடித்த பிறகு, அப்ப யாருங்கண்ணா கேக்கறது, என்றார். கேலியாக அல்ல. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஆள் கேட்கிற கேள்வியாக.

நாச்சிமுத்து கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, உள்ளறை வாசலில் போய் நின்றார். வசந்தாமணி மடித்த துணிகளுக்கு நடுவே இருந்தாள். கொஞ்சம் வந்து அந்த நாற்காலியில் உட்காரு என்றார். என்னத்துக்கு என்றாள். உட்காரு, அந்தக் கிலுகிலு வருகிறபோது விரலைத் தூக்கு, நின்றதும் இறக்கு, அவ்வளவுதான். அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். எத்தனை கேள்விகள் அந்த முகத்தில் வந்து கேட்கப்படாமலே போயின என்பதை நாச்சிமுத்து எண்ணாமல் விட்டார். அவள் புடவையைச் சொருகிக்கொண்டு வந்து, அந்த உயரமான முதுகுக்குப் பொருந்தாமல், பஸ்ஸில் வேறு யாருடைய சீட்டிலோ உட்கார்ந்தவள்போல விளிம்பில் உட்கார்ந்தாள். அவர் பக்கவாட்டில், தரையில், பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி, அவள் கை தெரியும்படி உட்கார்ந்துகொண்டார். ஏமாற்றுவாளா என்று பார்க்கலாம். இரக்கத்தில் தூக்குவாளா, விளையாட்டில் தூக்குவாளா, சோபாவுக்காகத் தூக்காமலே இருப்பாளா. மிருதங்கம் சுற்றி வந்தது, கஞ்சிரா துரத்தியது, இரண்டும் சேர்ந்து விழுந்தன, தோல் அடங்கியது. விரல் எழுந்தது.

சரி. அது தெரிந்த விஷயம், மனப்பாடமாகக்கூட இருக்கலாம். இனி இறங்கும். ஒரு கிலுங்கல், அப்புறம் சும்மா ஓடும் டேப். இருபது பெட்டிகளில், காது காதாக இருந்த காலத்திலேயே, அதற்குமேல் அங்கே ஒன்றும் இருந்ததில்லை. விரல் இறங்கியது. நல்லது. நாச்சிமுத்து எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார். விரல் மறுபடி எழுந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உதட்டோரத்தில் குறும்பு எதுவும் இல்லை, அவர் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. விரல் மெல்ல இறங்கியது. கொஞ்சம் பொறுத்து எழுந்தது. என்ன செய்கிறாய், முடிந்துவிட்டது, என்றார்.

"எங்கீங்க முடிஞ்சுது. வந்து வந்து போகுது. ஃபேன் திரும்பித் திரும்பி வந்தா காகிதம் படபடக்குமே, அது மாதிரி."

லாட்ஜ் அறை. இரும்புக்கட்டில். சுவரில் சாய்த்து நிறுத்திய கஞ்சிரா. மூலையில் ஸ்டூலின் மேல் ஒரு மேசை விசிறி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு, திரும்பும்போதெல்லாம் கஞ்சிராவின் வில்லைகள் மேல் காற்றை வீசிக்கொண்டு. அந்த விசிறியைப் பற்றி நாச்சிமுத்து யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல என்ன இருக்கிறது, இந்த நிமிஷம் வரை தனக்கே ஞாபகமில்லை. அவர் கையை ஊன்றியபடியே அசையாமல் இருந்தார். கூடத்தில் அவருக்குச் சத்தமே இல்லை. எதிரே அவளுடைய விரல் எழுந்தது, தாமதித்தது, காற்று அந்தப் பக்கம் திரும்பியதும் இறங்கியது, மறுபடி எழுந்தது.